அரண்மனைக்கே போகும் துப்பறிவாளன்

அண்மைக் காலமாக இலக்கியக் கூட்டங்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்தக் காலத்துத் துப்பறிவாளன் பழைய காலத்துக்குள் நுழைந்து குற்றத்தைத் துலக்கும் கதைவகை தமிழுக்கு வெளியூர்ச் சரக்கு என்பதே அது. 2015-ல் ‘இன்று நேற்று நாளை’ படம் வந்தது, மறு ஆண்டு கொரியாவில் ‘சிக்னல்’ தொடர் வந்தது, அதற்குப் பிறகே நம் இளைஞர்களுக்கு இந்த ஆசை பிடித்தது என்று ஆண்டுக் கணக்கோடு பேசுகிறார்கள். தமிழருக்குச் சரித்திரக் கதை தெரியும், மர்மக் கதை தெரியும், இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றத் தெரியாது என்று அதற்கு விளக்கமும் தருகிறார்கள்.

இது தவறு. தவறு என்பதோடு கெடுதலும் செய்கிறது. தனக்கு முன்னோடி இல்லை என்று நம்பும் இளம் எழுத்தாளர் அடுத்தவர் வார்ப்பில்தான் வார்க்கப் பார்ப்பார். எனவே இந்த வகையின் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. நடந்து பார்த்தால் குறை இல்லாமல் இல்லை. ஆனால் அது அவர்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

நான் சாத்தூரில் பிறந்து சிவகாசியில் வளர்ந்தவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பங்களை வெளியிடும் ஊர் அது. தினசரி காலண்டரின் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, ஓரம் தட்டி, தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்தும் பெண்களைப் பார்த்துப் பார்த்தே பள்ளிக்கூடம் போனேன். இன்னும் வராத நாளுக்கு நல்ல நேரமும் ராகு காலமும் அச்சாகி மை காய்ந்திருக்கும். வருகிற காலத்தை முன்கூட்டியே கட்டிவைக்கும் அந்த ஊரின் போன காலத்தைக் கட்டிவைத்தவர் யார் என்ற கேள்வி எனக்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் தொடர்ச்சி.

மேற்கின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1889-ல் மார்க் ட்வைன் ஓர் அமெரிக்கனை ஆர்தர் மன்னனின் அவைக்கு அனுப்பினார். 1895-ல் எச்.ஜி. வெல்ஸ் யந்திரத்தைச் செய்து கொடுத்தார். துப்பறிவாளன் அந்த வண்டியில் ஏற மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 1951-ல் ஜோசஃபின் டே எழுதிய நாவலில் காலுடைந்து மருத்துவமனையில் கிடக்கும் கிராண்ட் என்ற போலீஸ் அதிகாரி, படுக்கையை விட்டு எழாமலே, பழைய ஏடுகளையும் ஓர் ஓவியத்தையும் வைத்துக்கொண்டு மூன்றாம் ரிச்சர்ட் மன்னன்மேல் சுமத்தப்பட்ட கொலைப்பழியை விசாரிக்கிறார். 1957-ல் ஜான் டிக்சன் கார், ஸ்காட்லாந்து யார்டின் செவியட் என்ற அதிகாரியை உடலோடு 1829-க்கே அனுப்பினார். விரல்ரேகை இல்லை, ஆய்வகம் இல்லை, போலீஸ் என்ற ஏற்பாடே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. 2006-ல் பிபிசியின் ‘லைஃப் ஆன் மார்ஸ்’ ஒரு மான்செஸ்டர் போலீஸ்காரரை 1973-ல் கொண்டுபோய்ப் போட்டது. 2016-ல் ஜூலி மெக்கல்வெய்ன் ஓர் எஃப்.பி.ஐ. பெண் அதிகாரியை 1815-க்கு அனுப்பினார். மற்றவையெல்லாம் இவற்றின் கிளைகள்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரு பாகுபாடு மட்டுமே. பழைய காலத்துக்கு உடலோடு போகிறவன் ஒருவன். ஏட்டோடு போகிறவன் இன்னொருவன். தமிழ் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தது: பெயரை மாற்றிக்கொண்டு போகிறவன். அவனிடம் பிறகு வருகிறேன்.

தமிழில் தொடக்கத்தைத் தேடினால் மதுரை அரசவையில் சிலம்பை உடைத்த கண்ணகியிடம் போய் நிற்க வேண்டும். விசாரணையின்றி வெட்டப்பட்ட ஒருவனின் வழக்கை மறுபடி திறந்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பொருட்சான்றால் தீர்த்தவள் அவள். வாசகர் அறிந்த கதை, விரிக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவலை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தார்கள். லண்டன் சரக்கைக் கும்பகோணத்து வேட்டியில் முடிந்து கொடுத்தாலும், முடிச்சுப் போடும் வித்தையைத் தமிழ் உரைநடைக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்களே. தேவனின் சாம்பு அதிர்ஷ்டத்தால் துப்பறிந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் உலகத்தையே விமானத்தில் சுற்றினார். ஆனால் ஒரு நாள்கூடப் பின்னோக்கிப் போகவில்லை.

பின்னோக்கிப் போனவர் கல்கி. ‘பொன்னியின் செல்வ’னைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது 1947-ல் வந்த ‘சோலைமலை இளவரசி’. கல்கியின் பெரிய நாவல்களின் நிழலில் ஒதுங்கிப்போன சிறிய நாவல் அது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் போலீஸ் தேடும் குமாரலிங்கம் தப்பி ஓடி ஒரு பாழடைந்த அரண்மனையில் ஒளிகிறான். அங்கே அவனுக்கு நூறாண்டு முந்தைய வாழ்க்கை திறந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் அவன் வெள்ளையரை எதிர்த்து நிற்கும் மாறனேந்தல் அரசன். சோறு கொண்டுவரும் பொன்னம்மாள் அங்கே மாணிக்கவல்லி. கனவா, பிறவி நினைவா என்று கல்கி பிரித்துச் சொல்லவில்லை. சொல்லாததே அந்த நாவலின் அழகு. இரண்டு காலமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, ஒன்றின் தழும்பு இன்னொன்றில் வலிக்கிறது.

இதில் துப்பறிவாளன் எங்கே என்று கேட்கலாம். கவனியுங்கள்: குமாரலிங்கம் துப்புத் துலக்குகிறவன் அல்லன், துப்புத் துலக்கித் தேடப்படுகிறவன். ஆகஸ்டு 1942-ல் நம் கிராமங்களில் விசாரணை என்றால் அது சர்க்கார் மக்கள்மேல் நடத்திய விசாரணை. கல்கி அந்த விசாரணையைத் தலைகீழாகத் திருப்பினார். தேடப்படுகிறவனைப் பழைய காலத்துக்கு அனுப்பி, தான் யார், இந்த மண்ணில் தன் வழக்கு எப்போது தொடங்கியது என்று அவனையே கண்டுபிடிக்க வைத்தார். ஆங்கிலத்தில் கார் தன் அதிகாரியை 1829-க்கு அனுப்புவதற்குப் பத்தாண்டு முன்பு நடந்தது இது. நமக்கு வேரில்லை என்பவர்கள் முதலில் இந்த நாவலைப் படித்துவிட்டு வரட்டும்.

மூன்றே ஆண்டுகளில், 1950-ல், அதே கல்கி வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு ஆயிரமாண்டு பின்னால் போனார். ‘பொன்னியின் செல்வன்’ காதல் கதை, அரியணைக் கதை என்றெல்லாம் பேசப்படுகிறது. அதன் நடுவில் கிடப்பது ஓர் உடல். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சைக் கல்கி முழுதாக அவிழ்க்கவில்லை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளைப் பெயர் சொல்கிறது. அது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. நீலகண்ட சாஸ்திரி அதைப் படித்துவிட்டு உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். இருவரும் ஏட்டோடு போன துப்பறிவாளர்கள். கிராண்ட் அதிகாரியைவிட எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

அடுத்த பெரிய பெயர் சுஜாதா. இந்த வகைக்கு வேண்டிய எல்லாக் கருவியும் ஒருசேர அமைந்த ஒரே தமிழ் எழுத்தாளர் அவர். அறிவியல் தெரியும். சட்டம் பேசும் கணேஷும் வசந்தும் கையில் இருந்தார்கள். ‘கொலையுதிர் கால’த்தில் பேயையும் லேசர் பிம்பத்தையும் எதிரெதிரே நிறுத்தி, எது உண்மை என்று கடைசிப் பக்கம்வரை வாசகரை நடுவில் தொங்கவிட்டார். அந்தத் துணிச்சல் பழைய காலத்துக்குத் திரும்பியபோது கிடைத்தது ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’.

மூன்றாவது வகை என்று மேலே சொன்னது இதைத்தான். கணேஷ் ராஜராஜன் காலத்துக் கணேச பட்டராகிறார், வசந்த் வசந்தகுமாரனாகிறான். யந்திரம் இல்லை, கனவு இல்லை, விளக்கம் இல்லை. பெயரை மாற்றி, உடையை மாற்றி, அதே குறும்பையும் அதே நிதானத்தையும் சோழ நாட்டில் நடமாட விட்டார். உலகத்தில் எங்கும் கால விதிகளை விளக்கியே நாவலாசிரியர்கள் பாதிப் பக்கத்தைத் தொலைக்கும்போது, வாசகர் ஏற்கெனவே நேசிக்கும் இரண்டு பேரையே காலயந்திரமாக்கியது அபாரமான யோசனை. காந்தளூரும் பொருத்தமான தேர்வு. அங்கே ராஜராஜன் ‘கலம் அறுத்தான்’ என்று கல்வெட்டு சொல்வது மரக்கலத்தையா, உண்கலத்தையா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். கல்வெட்டுக்குள்ளேயே ஒரு மர்மம் கிடக்கிறது.

சுஜாதாவின்மேல் எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கணேஷ்–வசந்தின் பேச்சைச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்களுடைய சட்டப் புத்தகத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டை மறுபடி பாருங்கள். குற்றவாளிகளின் நிலம் மட்டும் பறிபோகவில்லை, உறவினர் நிலமும் பறிபோகிறது. மருமகன் செய்ததற்கு மாமனாரும் பொறுப்பு என்ற நீதியின் முன்னால் இருபதாம் நூற்றாண்டு வக்கீல் ஒருவர் நின்றால் என்ன சொல்வார்? சாட்சி சொல்ல வரும் பணிப்பெண்ணின் பேச்சு ஏட்டில் ஏறுமா? இந்தக் காலத்துத் துப்பறிவாளன் பழைய காலத்துக்குக் கொண்டுபோகும் உண்மையான ஆயுதம் விரல்ரேகைப் பொடி அன்று. எவர் சொன்னாலும் வாக்குமூலம் வாக்குமூலமே என்ற நம்பிக்கைதான் அது. அந்த நம்பிக்கையும் அந்தக் காலமும் மோதும் இடத்தில்தான் இந்த வகை இலக்கியமாகிறது. மோதாவிட்டால் வேடப் போட்டி.

சுஜாதாவுக்கு இது தெரியாமல் இல்லை. 1857-ஐக் களமாகக் கொண்டு குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடரைத் தொடங்கினார். சாதி சார்ந்த எதிர்ப்பு கிளம்பியது, தொடர் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று புதிதாக எழுதி முடித்தார். இந்தச் சம்பவத்தைச் சுஜாதாவின் வாழ்க்கைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துபோகிறோம். எனக்கு அது இந்த வகையின் வரலாற்றிலேயே முக்கியமான திருப்பம். ஆயிரமாண்டுக்கு முந்தைய சோழனுக்கு வாரிசு என்று யாரும் வழக்குப் போட மாட்டார்கள். நூறாண்டுக்கு முந்தைய குற்றத்துக்கு வாரிசுகள் உண்டு. அவர்கள் தெருவில் இருக்கிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள். தமிழ்த் துப்பறிவாளன் ஏன் தஞ்சாவூருக்கே போகிறான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2014-ல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பட்ட பாடு அந்தப் பயத்தை இன்னும் உறுதியாக்கியது.

சுஜாதா எழுதிய அதே காலத்தில் சிவகாசியில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. விமர்சகர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1972-ல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. 1984-ல் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற யந்திர மனிதன் கோட்டை வடிவக் காலயந்திரத்தில் ஏறிப் பழைய யுகங்களுக்குப் போன கதைகளை எங்கள் தெருப் பிள்ளைகள் அட்டை கிழியும்வரை படித்தோம். பட்டாசு லேபிள் அச்சடித்த ஊரிலேயே அச்சான புத்தகங்கள் அவை. பின்னாளில் இத்தாலியிலிருந்து மர்ம மனிதன் மார்ட்டின் வந்தார். தொல்லியல் படித்த துப்பறிவாளர், கற்கால மனிதன் ஜாவா அவருக்குத் துணை. பழைய காலமே விசாரிக்கப்பட வேண்டிய குற்றம் நடந்த இடம் என்ற எண்ணத்தை எங்களுக்கு முதலில் தந்தவர் அவர்தான். 2016-ல் கொரியாவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. 1991-ல் சிங்கீதம் சீனிவாசராவின் ‘ஆதித்யா 369’ தமிழ் பேசி ‘அபூர்வ சக்தி 369’ ஆக வந்து கிருஷ்ணதேவராயர் அவையையே காட்டிவிட்டதே.

சினிமாவை ஒரே பத்தியில் முடிக்கலாம். ‘இன்று நேற்று நாளை’யில் இரண்டு இளைஞர்கள் காலயந்திரத்தை வைத்துக்கொண்டு ஜோதிடம் பார்க்கிறார்கள். காணாமல்போன பொருள் எங்கே தொலைந்தது என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து பலன் சொல்கிறார்கள். கொரியாவில் யாருக்கும் இது தோன்றாது. மை போட்டுப் பார்க்கிற நாட்டில்தான் தோன்றும். இயக்குநர் ரவிக்குமாரின் அந்த யோசனையே இந்த வகை இங்கே வேர்விடும் என்பதற்குப் போதுமான சான்று. 2021-ல் ‘மாநாடு’ ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழவைத்து, ஒரு கொலைச் சதியையும் அதற்குப் பின்னால் வரவிருக்கும் மதக் கலவரத்தையும் தடுக்கப் பார்த்தது. குற்றத்தை நிகழ்காலத்து அரசியலோடு கட்டிய அதன் துணிச்சலை நான் மதிக்கிறேன். ‘மார்க் ஆண்டனி’ தொலைபேசியில் பழைய காலத்தோடு பேசியது. சத்தம் அதிகம், விசாரணை குறைவு.

அச்சில் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கரிகாலன் கொலை ஒரு தனித் தொழிலாகிவிட்டது. காலச்சக்ரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ குந்தவையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அது ஒரு துணிவு, மறுக்கவில்லை. அதன்பின் வந்த வரிசையில் பெரும்பாலானவை கல்கியின் அரங்கப் பொருட்களை இடம் மாற்றி வைத்தவை. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு அந்த வரிசை நிற்கவே இல்லை. சுரங்கப் பாதை, முத்திரை மோதிரம், ஓலை, பாண்டிய ஆபத்துதவி, விஷம் தோய்ந்த கத்தி. ஆயிரமாண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த குற்றம் அந்த ஒன்றுதானா? உழுதவன், நெய்தவன், தீக்குச்சி அடுக்கிய பிள்ளை ஆகியோரில் ஒருவரும் கொல்லப்படவில்லையா? கொல்லப்பட்டிருந்தால் அவர்கள் வழக்கை யார் எடுத்தார்கள்?

எடுத்தவர்கள் பெரும்பாலும் கரிசல்காட்டு எழுத்தாளர்கள். அவர்களைத் துப்பறியும் கதைக்காரர்கள் என்று யாரும் அழைப்பதில்லை. நான் அழைக்கிறேன்.

2009-ல் வந்த தமிழ்மகனின் ‘வெட்டுப்புலி’ தீப்பெட்டி லேபிளில் புலியை வெட்ட நிற்கும் மனிதன் யார் என்று இந்தக் காலத்து இளைஞர்கள் தேடிப் போவதில் தொடங்குகிறது. ஒரு தீப்பெட்டிப் படத்தைத் தடயமாக வைத்துக்கொண்டு முக்கால் நூற்றாண்டுத் தமிழக அரசியலைத் திறந்துகாட்டிய நாவல் அது. கதை செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களில் நடந்தாலும், தீப்பெட்டி லேபிளோடு வளர்ந்த எங்களுக்கு அந்தத் தடயத்தின் எடை தெரியும். எஸ். ராமகிருஷ்ணன் எங்கள் மல்லாங்கிணற்றுக்காரர். அவருடைய ‘நெடுங்குருதி’யில் ஒரு கிராமமே பிறப்பால் குற்றவாளி என்று எழுதப்பட்டிருக்கிறது. 1871-ல் இயற்றி 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டம் குற்றம் நடக்கும் முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட சட்டம். அப்படிப்பட்ட காலத்துக்குள் நுழையும் துப்பறிவாளன் முதலில் தன் தொழிலைத்தான் விசாரிக்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ போலீஸ் ஒரு தெருவுக்குள் நுழைவதைத் தெருவின் உள்ளே நின்று பார்க்கிறது.

எல்லோருக்கும் மேலே பூமணி. ‘வெக்கை’யில் கொலையாளி யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கொலை எங்கே தொடங்கியது என்பதே விசாரணை. 2012-ல் வந்த ‘அஞ்ஞாடி’ ஒன்றரை நூற்றாண்டுக் கரிசல் வாழ்க்கையை அள்ளிக்கொண்டு 1895-ன் கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899-ன் சிவகாசிக் கொள்ளைக்கும் வந்து நிற்கிறது. சாகித்திய அகாதெமி 2014-ல் விருது கொடுத்தது. பரிசு கிடைத்ததைக் கொண்டாடினோம், அதில் உள்ள வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. கச்சேரிக் காகிதத்தையும் ஊர்வாய்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் பொய் சொல்லும் இடத்தைப் பிடிப்பது அந்த வேலை. அதைவிடத் தேர்ந்த துப்பறிவு வேறு என்ன?

இந்த இடத்தில் ஒரு கதையை நானே கற்பனை செய்து காட்டுகிறேன். 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசி தாக்கப்பட்டது. கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டதும் அது மறுக்கப்பட்டதும் அதன் பின்னணி. நம் காலத்துத் துணை ஆய்வாளர் ஒருவர், பெண்ணாக இருக்கட்டும், அந்த ஜூன் மாதத்தில் போய் இறங்குகிறார். சிவகாசிக்கு அப்போது ரயில் இல்லை. அது வர 1927 ஆகும். சாத்தூரில் இறங்கி மாட்டு வண்டி பிடிக்க வேண்டும். ஜில்லா திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லா பிறக்கவில்லை. பட்டாசு இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்ப இன்னும் இருபது ஆண்டுக்குமேல் ஆகும்.

அவர் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு 1897-லேயே தொடங்கிவிட்டது. சென்னையில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் 1849 முதல் இருக்கிறது. ஊரில் கர்ணம் இருக்கிறார், கிராம முன்சீப் இருக்கிறார், தலையாரி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, தென் மாவட்டங்களுக்கே உரிய துப்புக்கூலி இருக்கிறது. மாடு களவு போனால் சொந்தக்காரர் போலீசுக்குப் போக மாட்டார். துப்புச் சொல்கிறவரைத் தேடிப் போய்க் கூலி கொடுப்பார். மறுநாள் விடியலில் ஏதாவதொரு ஓடைக்கரைக் கருவேல மரத்தில் மாடு கட்டிக் கிடக்கும். களவாண்டவர் யார், துப்புச் சொன்னவர் யார், இருவரும் ஒருவரேயா என்று யாரும் கேட்பதில்லை. துப்பு என்ற சொல்லுக்குக் கூலி நிர்ணயித்த ஊர் இது. ஷெர்லக் ஹோம்ஸ் பேக்கர் தெருவில் கட்டணம் வாங்கிய அதே காலத்தில் எங்கள் கரிசலில் துப்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நூறாண்டு கழித்துப் பிறந்த பெண் அதிகாரி அந்தத் துப்புக்காரரோடு ஒரே வண்டியில் பயணம் செய்யும் அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். எந்தக் கொரியத் தொடரிலும் அது கிடைக்காது.

அவரிடம் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? எந்தத் தெருவில் அவருக்குத் தண்ணீர் தருவார்கள்? எரிந்த வீட்டின் முன்னால் நிற்கும் பெண்ணின் பேச்சை எழுதிக்கொண்டால் எந்தக் கோர்ட்டு அதை ஏற்கும்? நடந்ததை அவரால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் அது மாயாஜாலம். எழுதிக்கொள்ள முடியும். யாரும் எழுதாமல் விட்ட வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு திரும்பிவருவதுதான் இந்த வகையில் துப்பறிவாளன் செய்யக்கூடிய உயர்ந்த காரியம்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள் இன்றைய சிவகாசிச் செய்திகளைப் படிக்கட்டும். ராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக்குஞ்சுக’ளில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளை எழுதினார். பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தில் அவர்களைக் காட்டினார். அதன்பின் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, வெடிவிபத்து நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களில் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் செய்தித்தாளில் ஒரே சொல் வரும்: உராய்வு. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. மணிமருந்தைத் தொட்டவர் இறந்துவிட்டார், ஆகவே உராய்வின் பொறுப்பும் அவரோடு எரிந்துவிடுகிறது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், உரிமம் யார் பேரில், உள்குத்தகை யார் கையில், தீபாவளி ஆர்டருக்காக அன்று எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது என்ற கேள்விகளுக்கு உராய்வு என்ற அந்த ஒரு சொல்லே மூடி போட்டுவிடுகிறது. இன்னும் நூறாண்டு கழித்து ஒரு துப்பறிவாளர் நம் காலத்துக்கு வந்தால், தடயம் தேடி நிற்கப்போகும் இடம் அந்த அறையின் கருகிய சுவர்தான். அன்றைக்கு நாமே பழைய காலம். நம்மில் யாருடைய வாக்குமூலம் அவருக்குக் கிடைக்கும் என்பதை இன்று எழுதுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்தக் கதைவகைக்குத் தமிழில் முக்கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. கல்கி அதற்குக் கால் கொடுத்தார், சுஜாதா முகம் கொடுத்தார், சிவகாசி அச்சகங்கள் வாசகரைக் கொடுத்தன, பூமணி மனசாட்சியைக் கொடுத்தார். குறை ஒன்றே: போக வேண்டிய ஊருக்கு இன்னும் போகவில்லை. அரண்மனை வழக்கைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழுத வரும் தம்பி தங்கையரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் துப்பறிவாளரைச் சாத்தூர் ஸ்டேஷனில் இறக்கிவிடுங்கள். யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டாம். முதல் வாக்குமூலத்தை, இதுவரை யாரும் எதுவும் கேட்டிராத ஒருவரிடமிருந்து எழுதி வாங்கச் சொல்லுங்கள்.